திருகோணமலையில் இருந்து ஒன்லைனில் வாங்கும்போது கேஷ்பேக்கை முழுசாக எடுப்பது எப்படி?

கேள்வி: நான் உப்புவெளியில் இருக்கிறேன். ஒன்லைனில் சாமான் வாங்கும்போது 10% கேஷ்பேக், 15% கேஷ்பேக் என்று போடுகிறார்கள். ஒருதரமும் எனக்கு முழுசாக வந்ததில்லை. எங்கே பிழை விடுகிறேன்?

பதில்:

வீதத்தைப் பிறகு பார்ப்போம். அந்தக் காசு எந்த உருவில், எங்கே வந்து சேரப்போகிறது என்பதை முதலில் பாருங்கள். கேஷ்பேக் என்ற ஒரு சொல்லுக்குள் நாலு வேறு விசயங்கள் இருக்கின்றன. ஓடர் போடும்போதே பில்லில் குறைவது ஒன்று. அதற்குச் சரியான பெயர் கழிவு. கார்ட் ஸ்டேட்மென்டில் பிறகு வரவு வைப்பது இரண்டாவது. அடுத்த ஓடருக்கு மட்டும் பாவிக்கக்கூடிய வவுச்சர், கொயின் மூன்றாவது. கேஷ்பேக் தளம் ஒன்றின் லிங்க் வழியாகக் கடைக்குப் போனதற்காக அந்தத் தளம் தருவது நாலாவது. முதல் இரண்டும் உங்கள் காசு. மூன்றாவது, திரும்பவும் அதே கடையில் வாங்கினால்தான் காசு. நாலாவது, இலங்கையில் இருந்து கையில் எடுக்க வழி இருந்தால்தான் காசு.

டராஸ் போன்ற தளங்களில் வங்கிகள் போடும் சலுகைதான் நம்மூருக்கு ஆகவும் பிரயோசனமானது. பெரும்பாலான ஆட்கள் தவறவிடுவதும் அதில்தான். உதாரணத்துக்கு ஒரு சலுகையை இப்படி எடுத்துக்கொள்ளுங்கள்: 10% கழிவு, ஆகக் குறைந்த பில் ரூபா 5,000, ஆகக் கூடிய கழிவு ரூபா 1,000. இதில் 10% என்பது ரூபா 10,000 வரைக்கும்தான் உண்மை. ரூபா 25,000 க்கு வாங்கினாலும் அதே 1,000 தான் குறையும், அதாவது 4%. உச்ச வரம்பை வீதத்தால் பிரியுங்கள். வரும் தொகைதான் அந்தச் சலுகையில் முழுப் பலன் தரும் பில். பெரிய பில்லை இரண்டாக உடைத்து இரண்டு ஓடர் போடலாமே என்று தோன்றும். உச்ச வரம்பு ஒரு பரிவர்த்தனைக்கா, ஒரு கார்டுக்கா, ஒரு மாதத்துக்கா என்று நிபந்தனையில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கார்டுக்கு என்று இருந்தால் இரண்டாவது ஓடரில் ஒன்றும் கிடைக்காது, டிலிவரிக் காசு மட்டும் இரட்டிப்பாகும். மனைவி அல்லது கணவர் பெயரில் எடுத்த துணை அட்டையும் பெரும்பாலும் அதே வரம்புக்குள்தான் வரும்.

இனி, பில் போடும் திரையில் நடப்பதைப் பாருங்கள். ரைஸ் குக்கர் ஒன்று ரூபா 5,200. டிலிவரி 450. விற்பனையாளரின் 300 ரூபா வவுச்சர் ஒன்று கண்ணில் படுகிறது, அமத்துகிறீர்கள். பில் 4,900 ஆகிவிடுகிறது. வங்கி கேட்ட 5,000 இல்லை. 10% காணாமல் போய்விட்டது. முந்நூறு ரூபாவுக்காக 520 ரூபாவை விட்டிருக்கிறீர்கள். டிலிவரிக் காசைச் சேர்த்தால் 5,350 வருகிறதே என்று கேட்பீர்கள். ஆகக் குறைந்த பில்லைக் கணக்குப் பார்க்கும்போது டிலிவரியைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை. இதற்கு வழி இருக்கிறது. அதே விற்பனையாளரிடம் உங்களுக்கு எப்படியும் தேவையான 200 ரூபா சாமான் ஒன்றை, பிளக்கோ கரண்டியோ, சேர்த்தால் 5,400. வவுச்சர் போனால் 5,100. அதில் 10% என்றால் 510. இரண்டும் சேர்ந்து 810 ரூபா குறைந்துவிட்டது. ‘அதே விற்பனையாளர்’ என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று சாமானை மூன்று விற்பனையாளரிடம் எடுத்தால் மூன்று பார்சல், மூன்று டிலிவரிக் காசு. கொழும்பில் இருப்பவருக்கு இது சின்ன விசயம். நமக்கு அதுதான் கேஷ்பேக்கை விழுங்கும் முதல் ஓட்டை. விலாசத்தில் ஊரைச் சரியாகத் தெரிவு செய்யுங்கள். உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர் என்று தனித்தனியே பட்டியலில் இருந்தால் உங்களுடையதை எடுங்கள். கிட்டிய ஊர் என்று வேறொன்றைப் போட்டால் பார்சல் வேறு கிளைக்குப் போய்ச் சுற்றி வரும். ஒப்படைக்க முடியவில்லை என்று திருப்பி அனுப்பினால் ஓடர் ரத்தாகும், சலுகையும் அதோடு போகும்.

இதே குக்கருக்கு 10% மட்டும் எடுத்துக் கணக்குப் பார்த்தால் 5,200 இல் 520 போய், 450 சேர்ந்து, கைக்கு வரும் விலை 5,130. மத்திய வீதிப் பக்கக் கடையில் 5,400 சொன்னால் வித்தியாசம் 270 ரூபா. கடைக்காரர் வயரைக் குத்திப் போட்டுக் காட்டித் தருவார், உத்தரவாதச் சீட்டில் முத்திரை குத்துவார், பழுதென்றால் நடந்து போய்க் கொடுக்கலாம். மின்சாரச் சாமானில் இப்படி 5% அளவு வித்தியாசத்துக்காக ஒன்லைனில் வாங்குவதை நான் சரியென்று சொல்லமாட்டேன். உடுப்பு, புத்தகம், போன் கவர் போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு வேறு.

சலுகை திரையில் வரவே இல்லையென்றால் காரணங்கள் சிலதான். வங்கியின் பெயர் ஒன்றாக இருந்தாலும் கடனட்டைக்கு மட்டும் சலுகை இருக்கும், டெபிட் கார்டுக்கு இருக்காது. தளம் உங்கள் கார்டின் முதல் 6 அல்லது 8 இலக்கத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது, ஆகவே கார்ட் இலக்கத்தைப் போட்ட பிறகுதான் கழிவு தெரியும். சில சலுகைகள் அப்பில் மட்டும் வேலை செய்யும், கணினியில் செய்யாது. சிலவற்றுக்கு ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை இருக்கும். அது நள்ளிரவு 12 மணிக்குப் புதுப்பிக்கப்படும் என்றால் பகல் 11 மணிக்குப் போய்ப் பலன் இல்லை. 11.11 போன்ற விற்பனை நாளில் கூடையை முதல் நாளே நிரப்பி, விலாசம், கார்ட் எல்லாம் பதிந்து வைத்துவிடுங்கள். கார்டில் இணையக் கொள்வனவைத் திறந்து வைத்திருக்கிறீர்களா, வங்கியில் பதிந்த போன் இலக்கம் இப்போது உங்கள் கையில் உள்ள சிம்தானா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். ஓடிபி பழைய இலக்கத்துக்குப் போனால் நேரம் முடிந்து ஓடர் தவறிவிடும்.

பொருள் வந்த பிறகு காசு கொடுப்பது நம் பக்கத்தில் பலருக்கும் பழக்கம். அதில் வங்கிச் சலுகை கிடையாது. முன்கூட்டிக் கட்டத்தான் வேண்டும். அதற்கு ஏற்ற பாதுகாப்பு, பார்சலைப் பிரிக்கும்போது வெட்டாமல் ஒரே வீடியோ எடுப்பது. முகவரி ஒட்டிய பக்கத்தில் தொடங்கி, நாடாவை வெட்டி, பொருளை வெளியே எடுத்து இயக்குவது வரைக்கும் நிறுத்த வேண்டாம். நொவெம்பரில் வரும் பெரிய விற்பனை நமக்கு மழைக்காலத்தில் விழுகிறது. நனைந்த பெட்டி சாதாரணம். திருப்பிக் கொடுக்கும் நாட்கணக்கு பார்சல் கைக்கு வந்த நாளில் இருந்துதான் ஓடும், நீங்கள் பிரித்த நாளில் இருந்து இல்லை. மூன்று சாமானில் ஒன்றைத் திருப்பி, மீதி பில் ஆகக் குறைந்த தொகைக்குக் கீழே போனால் முழுக் கழிவையும் திரும்ப எடுக்க நிபந்தனை இடம் கொடுக்கும். ஆகவே சந்தேகமான சாமானைத் தனி ஓடராகப் போடுங்கள்.

ஸ்டேட்மென்டில் வரவு வைக்கும் வகையில் பிழை வேறு இடத்தில் வரும். ஒவ்வொரு கடைக்கும் கார்ட் முறைமையில் நாலு இலக்க வகைக் குறியீடு ஒன்று உண்டு. 5411 என்றால் சுப்பர்மார்க்கெட், பலசரக்கு. 5541 எரிபொருள் நிலையம். 4900 மின்சாரம், தண்ணீர். ‘சுப்பர்மார்க்கெட்டுக்கு 5%’ என்று வங்கி சொன்னால் அது 5411 க்கு என்றுதான் அர்த்தம். அதே கடையின் இணையத்தளத்தில் ஓடர் போட்டு, காசு வேறு கட்டண நிறுவனம் ஒன்றின் வழியாகப் போனால் குறியீடு மாறலாம். பிறகு வங்கிக்கு அது சுப்பர்மார்க்கெட் இல்லை. முதல் தரம் சின்னத் தொகைக்கு வாங்கி, வரவு விழுகிறதா என்று பார்த்துவிட்டுப் பெரிதாக வாங்குங்கள். வொலட்டுக்குக் காசு ஏற்றுவது, தவணைக்கு மாற்றுவது, பில் கட்டுவது ஆகியவற்றுக்குப் பெரும்பாலான கார்டுகள் கேஷ்பேக் கொடுப்பதில்லை.

தவணையைப் பற்றியும் ஒரு சொல். கோகோ, மின்ட்பே போன்ற தவணைச் சேவைகள் தொகையை மூன்றாகப் பிரித்துத் தரும், சில கடைகளில் கேஷ்பேக்கும் சேர்த்துத் தரும். தவணை நாளில் கார்டில் காசு இருந்தால் நல்லது. பிந்தினால் விழும் தாமதக் கட்டணம் கேஷ்பேக்கைத் தாண்டிவிடும். கடனட்டையிலும் அதே கதைதான். ரூபா 40,000 க்கு வாங்கி 3,000 கேஷ்பேக் கிடைத்தது என்று வையுங்கள். ஆகக் குறைந்த தொகையை மட்டும் கட்டி மீதியை இழுத்தால், ஆண்டுக்கு 24% வட்டி என்று எடுத்தாலும் மாதம் கிட்டத்தட்ட 800 ரூபா. நாலு மாதத்தில் அந்த மூவாயிரம் போய்விடும். முழுத் தொகையைக் கட்டாதவருக்கு வட்டி கொள்வனவு செய்த நாளில் இருந்தே ஏறும். கட்டணம் பிந்திய பதிவு கடன் தகவல் பணியகத்தின் கிரிப் அறிக்கைக்கும் போகும், பிறகு வீட்டுக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

இனி நாலாவது வகை, கேஷ்பேக் தளங்கள். கடை தனக்கு ஆள் பிடித்துத் தந்ததற்காகத் தளத்துக்குக் கொமிஷன் கொடுக்கும், தளம் அதில் ஒரு பங்கை உங்களுக்குத் தரும். யார் அனுப்பினார் என்பது உங்கள் பிரவுசரில் விழும் குக்கியை, அதாவது தளம் விட்டுப்போகும் சின்னக் குறிப்பை, வைத்துத்தான் தெரியும். பொதுவாகக் கடைசியாக அமத்திய லிங்க் எதுவோ அதற்குத்தான் கொமிஷன். இது விளங்கினால் ஏன் கேஷ்பேக் பதிவாகவில்லை என்பது தானாக விளங்கும். விளம்பரத் தடுப்பான் போட்டிருந்தால் குக்கி விழாது. லிங்கை அமத்தியதும் போனில் கடையின் அப் திறந்துகொண்டால் தடம் அறுந்துவிடலாம். இடையில் கூப்பன் தேடி வேறு தளத்துக்குப் போனாலோ, கூப்பன் தானாகத் தேடும் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) பிரவுசரில் இருந்தாலோ கொமிஷன் அங்கே போய்விடும். கூடையில் முதலே போட்டு வைத்த சாமானைச் சில கடைகள் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே கூடையைக் காலியாக்கி, தடுப்பானை நிறுத்தி, தளத்தில் லொகின் செய்து, லிங்கை அமத்தி, அதே ஜன்னலில் சாமானைத் தெரிவு செய்து அங்கேயே காசு கட்டி முடியுங்கள். லிங்கை அமத்திய நேரத்தையும் ஓடர் இலக்கத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். ‘நிலுவை’ என்று காட்டும் தொகை, பொருளைத் திருப்பும் காலம் முடிந்த பிறகுதான் ‘உறுதி’ ஆகும், மாதக்கணக்கில் எடுக்கலாம். அதில் வரியும் டிலிவரியும் கணக்கில்லை.

இலங்கையில் இருந்து இதில் பெரிய தடை, காசை வெளியே எடுப்பதுதான். ரகுட்டன் என்ற கேஷ்பேக் தளம் அமெரிக்காவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேபாலுக்கோ காசோலையாகவோ கொடுக்கும். டொலர் காசோலையை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்வது? இந்தியாவின் கேஷ்கரோ இந்தியக் கணக்குக்குத்தான் காசு போடும். பேபாலில் நீண்டகாலமாக இலங்கைக் கணக்கில் இருந்து காசு கட்டத்தான் முடிந்தது, பெற முடியவில்லை; உங்கள் கணக்கில் பெறும் வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பதியுங்கள். அலிஎக்ஸ்பிரஸில் 40 டொலருக்கு வாங்கி 3% கிடைத்தால் 1.20 டொலர். ஆகக் குறைந்தது 10 டொலர் சேர்ந்தால்தான் தருவோம் என்று தளம் சொன்னால் ஒன்பது ஓடர் போடவேண்டும். அதற்குள் டொலர் மாற்றும்போது வங்கி எடுக்கும் மேலதிக வீதம் அந்த 3% ஐச் சாப்பிட்டிருக்கும். ஸ்டேட்மென்டில் ஒரு டொலருக்கு எத்தனை ரூபா வெட்டியிருக்கிறது என்று ஒருக்கா பிரித்துப் பாருங்கள். லண்டனில் இருக்கும் அண்ணனோ மாமியோ உங்களுக்கு அங்கே எதையாவது வாங்குவதாக இருந்தால், டொப்கேஷ்பேக், குயிட்கோ என்ற கேஷ்பேக் தளங்கள் இரண்டும் அவர்களுடைய பிரித்தானிய வங்கிக் கணக்குக்கே காசு போடும். அங்கே அவர்கள் லிங்கை அமத்துவதுதான் பிரயோசனம், இங்கே நீங்கள் அமத்துவது இல்லை.

கடைசியாக ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் போகும் தொகை பெரிது. வாட்ஸ்அப், டெலிகிராமில் ‘பொருளுக்கு லைக் போடுங்கள், ஓடர் போடுங்கள், கொமிஷனோடு கேஷ்பேக்’ என்று வருவது கேஷ்பேக்கே இல்லை. முதலில் 500, 1,000 உண்மையாகவே தருவார்கள். பிறகு 20,000 வைப்புச் செய்தால்தான் மீதியைத் திறக்கலாம் என்பார்கள். அங்கே நிற்காமல் வெளியேறுங்கள். ஆள் சேர்த்தால் காசு என்று வந்தால் அது பிரமிட் திட்டம், 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்டது. உங்கள் கணக்குக்குக் காசு வருவதற்கு ஓடிபியோ, கார்டின் பின்பக்கத்து மூன்று இலக்கமோ, பின் இலக்கமோ எவருக்கும் தேவையில்லை. கேட்டால் அவர் எடுக்கத்தான் கேட்கிறார்.

வரவேண்டிய கேஷ்பேக் சொன்ன காலத்துக்குள் வராவிட்டால், சலுகை விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட், ஓடர் இலக்கம், ஸ்டேட்மென்ட் மூன்றையும் இணைத்து வங்கிக்கு எழுத்தில் கேளுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். தொலைபேசியில் மட்டும் சொன்னால் பிறகு காட்ட ஒன்றும் இருக்காது. வங்கி பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு அழையுங்கள், தொலைபேசி 1935. மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலும் இருக்கிறது. பிழை வங்கியில் இல்லாமல் விற்பனையாளரில் என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, தொலைபேசி 1977.