மகள் கவின் கலைக் கல்லூரிக்குப் போகட்டுமா?

கரூரிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகள் பிளஸ் டூவில் 600-க்கு 512 எடுத்திருக்கிறாள். ஃபைன் ஆர்ட்ஸ் தவிர வேறெதுவும் வேண்டாம் என்கிறாள். அவள் அப்பா பி.காம். விண்ணப்பத்தை வாங்கி மேசைமேல் வைத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நீங்கள். "படம் வரைந்து சோறு சாப்பிட முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால், எந்தப் பிரிவில் சேர்கிறாள், நான்கு ஆண்டுகளில் எவ்வளவு வேலை செய்து கையில் சேர்த்து வைத்திருக்கிறாள் என்ற இரண்டையும் பொறுத்தது அது. "கலை படிக்கட்டுமா வேண்டாமா" என்று பொதுவாகச் சண்டை போடும் வீடுகளில் பிரிவைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. உங்கள் கடிதத்திலும் அது இல்லை.

சென்னையில் எழும்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். அங்கே பி.எஃப்.ஏ. என்ற இளநிலைக் கவின் கலைப் பட்டம் நான்கு ஆண்டுப் படிப்பு. வண்ணக்கலை (ஓவியம்), சிற்பக்கலை, காட்சிவழித் தகவல் வடிவமைப்பு (விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன்), துகிலியல் (துணி) வடிவமைப்பு, சுடுமண் (செராமிக்) வடிவமைப்பு, பதிப்போவியம் (பிரிண்ட்மேக்கிங்) என்று பிரிவுகள். ஒரே வளாகம், ஒரே பட்டம். ஆனால் ஐந்தாவது ஆண்டில் இவர்கள் நிற்கும் இடங்கள் வெவ்வேறு. காட்சிவழித் தகவல் வடிவமைப்பு படித்தவர் விளம்பர நிறுவனத்திலோ மென்பொருள் நிறுவனத்தின் வடிவமைப்புக் குழுவிலோ மாதச் சம்பளத்தில் உட்கார்ந்திருப்பார். வண்ணக்கலை படித்தவர் பெரும்பாலும் ஒரு பள்ளியில் பகுதி நேரம், கிடைத்த சுவரோவிய வேலை, ஒரு குழுக் கண்காட்சி என்று கலவையாக ஓட்டிக்கொண்டிருப்பார். இதில் உயர்வு தாழ்வு எதுவும் இல்லை. சம்பளம் எப்போது வரும் என்பதில்தான் வித்தியாசம். அதை முன்பே தெரிந்துகொண்டு சேர்ந்தால் பிறகு வீட்டில் பழி பேசத் தேவையிருக்காது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் வருகிற பெற்றோரில் பலர் இதில் தடுக்கி விழுகிறார்கள். கலை அறிவியல் கல்லூரிகளில் 'விஸ்காம்' என்று சொல்லும் மூன்றாண்டு பி.எஸ்சி. வேறு. அதில் கேமரா, படத்தொகுப்பு, இதழியல், விளம்பரம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வரும். வரையத் தெரியாதவரும் சேரலாம். கவின் கலைக் கல்லூரியில் இருப்பது வடிவமைப்பு. எழுத்துருவம், இலச்சினை, புத்தக அட்டை, பொட்டலம், விளக்கப்படம் என்று கையால் பழகி வருவது. உங்கள் மகள் கேட்பது இரண்டாவது என்றால், முதலாவதில் சேர்த்துவிட்டு "அதேதானே" என்று சமாதானம் சொல்லாதீர்கள்.

இனி அவள் அப்பாவுக்கு ஒரு செய்தி. அவர் கரூரில் ஒரு டெக்ஸில், அதாவது துணி நிறுவனத்தில், மேற்பார்வையாளராக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். படுக்கை விரிப்பும் திரைச்சீலையும் சமையலறைத் துணியும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் ஊர் அது. ஒவ்வொரு பருவத்துக்கும் புதிய கட்டம், புதிய பூ, புதிய நிறச் சேர்க்கை வேண்டுமே, அதை யார் வரைகிறார்கள் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். துகிலியல் வடிவமைப்பு என்பது அதுதான். தறியில் எது நெய்ய வரும், எத்தனை நிறத்துக்குமேல் போனால் அச்சுச் செலவு கட்டுப்படியாகாது என்று தெரிந்து வரைகிறவருக்குக் கரூரிலும் திருப்பூரிலும் வேலை இருக்கிறது. சிறுவயதிலிருந்து அப்பாவின் வாயால் நூல் கவுண்ட்டும் சாயமும் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு இது பாதிப் பாடம் முடிந்த மாதிரி. அவள் மனதில் இந்தப் பிரிவே இல்லாமல் இருக்கலாம். கட்டாயப்படுத்த வேண்டாம், காட்டிவிடுங்கள்.

துணிக்கும் ஓவியத்துக்கும் உள்ள இந்த உறவு புதிதல்ல. கைத்தறிக்கு வடிவமைப்பு செய்து கொடுப்பதற்காக மத்திய அரசு 1950-களில் நெசவாளர் சேவை மையங்களைத் தொடங்கியது. ஓவியர்கள் ஆதிமூலமும் வீர சந்தானமும் டிராட்ஸ்கி மருதுவும் அங்கே வேலை பார்த்தவர்கள். இன்று அவர்களுடைய கோடுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த அரசாங்கச் சம்பளத்தைப் பற்றிப் பேசுவதில்லை. சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் கதையும் இதே. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு கிராமத்தையே உருவாக்கினார்கள். பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுத்தான் அந்த நிலத்துக்குப் பணம் சேர்த்தார்கள். காலையில் பிழைப்புக்கு ஒன்று, மாலையில் மனதுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். வண்ணக்கலைதான் வேண்டும் என்று உங்கள் மகள் நின்றால், இந்த ஏற்பாட்டுக்கு அவள் தயாரா என்பதைத்தான் நீங்கள் பேச வேண்டும்.

சென்னைக் கவின் கலைக் கல்லூரியின் பிறப்பே தொழிலுக்காகத்தான். 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கினார். மண்பாண்டம், உலோக வேலை, மர வேலை என்று கைத்தொழிலை மேம்படுத்துவது நோக்கம். பிறகுதான் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, பணிக்கர், தனபால் என்று முதல்வர்களாக வந்த கலைஞர்களின் பெயர்களால் அது வேறு உயரத்துக்குப் போனது. நடிகர் சிவகுமார் அங்கே ஓவியம் படித்தவர் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும். அதை நான் வேலைவாய்ப்புக்கு உதாரணமாகக் காட்ட மாட்டேன்! சினிமாவில் கலை இயக்கம் என்றால் காட்டுவேன். தோட்டா தரணி, சாபு சிரில் இருவரும் அங்கிருந்து போனவர்கள்தான். ஒரு பெரிய படத்துக்கு ஒரு கலை இயக்குநர்தான். அவருக்குக் கீழே வரைகிறவர், மாதிரி செய்கிறவர், வர்ணம் அடிக்கிறவர் என்று ஒரு பட்டாளம். உங்கள் மகள் நுழைவது அந்தப் பட்டாளத்தில். தினக்கூலிக் கணக்கும் இரவு வேலையும் அங்கே உண்டு.

காட்சி விளைவுகள், அனிமேஷன், கணினி விளையாட்டு பக்கம் இன்னும் ஒழுங்கான சம்பளம். ஸ்டோரிபோர்டு வரைய, கதாபாத்திரத்தை உருவாக்க, பின்னணி தீட்ட ஆள் வேண்டும். இதற்குத் தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில் தனிப் படிப்பே இருக்கிறது. வடிவமைப்பு வேலைக்குச் சென்னையில் புதிதாகச் சேர்கிறவர்கள் பெரும்பாலும் மாதம் 15,000-லிருந்து 25,000 ரூபாய்க்குள் தொடங்குவதைப் பார்க்கிறேன். பொறியியல் முடித்த பலருடைய முதல் சம்பளமும் இதை ஒட்டியதுதான் என்பதை அப்பாவிடம் நினைவூட்டலாம்.

"ஏ.ஐ. வந்துவிட்டதே, கணினியே படம் போடுகிறதே?" என்ற உங்கள் மகனின் கேள்வி நியாயமானது. கடைக்குச் சுவரொட்டி, பத்திரிகைக்கு ஒரு சாதாரணப் படம் போன்ற மலிவான வேலைகள் குறைந்துகொண்டே போகும். அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல முடியாது. மென்பொருளை மட்டும் ஆறு மாதம் பழகிவிட்டு வேலைக்கு வருகிறவர்களுக்குத்தான் முதல் அடி. நான்கு ஆண்டுகள் உடற்கூறும் நிறமும் வரைந்து பழகியவருக்கு, கணினி கொடுத்த பத்துப் படங்களில் எந்த ஒன்பது தப்பு என்று சொல்லத் தெரியும். அந்தக் கண்ணுக்குச் சம்பளம் இருக்கும் என்பது என் கணிப்பு.

ஓவிய ஆசிரியர் வேலையைப் பற்றி உறவினர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். 2012-இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதி நேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாயில் நியமித்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். மாநில அரசுப் பள்ளியை மட்டும் நம்பி இந்தப் படிப்பில் சேர வேண்டாம். கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகளில் கலை ஆசிரியர் பணியிடங்கள் உண்டு. அறிவிப்பு வரும்போது போட்டி கடுமை. எம்.எஃப்.ஏ. என்ற முதுநிலைப் பட்டம் முடித்து 'நெட்' தேர்வில் காட்சிக் கலைப் பாடத்தில் தேறினால் கல்லூரி விரிவுரையாளர் வழி திறக்கும்.

இன்னொன்று, அப்பாவின் பயத்துக்கு நேரடிப் பதில். பி.எஃப்.ஏ. முழுமையான பட்டம். பட்டம் கேட்கும் குரூப் தேர்வுகளையும் குடிமைப் பணித் தேர்வையும் வங்கித் தேர்வுகளையும் அவள் எழுதலாம். ஐ.ஐ.டி.களில் முதுநிலை வடிவமைப்புக்கான 'சீட்' தேர்வும் எழுதலாம். கதவு எதுவும் மூடிவிடாது.

எங்கே சேர்ப்பது? சென்னை, கும்பகோணம் இரண்டும் அரசுக் கல்லூரிகள். கரூரிலிருந்து கும்பகோணம் பக்கம், ஆனால் அங்கே பிரிவுகள் குறைவு, துகிலியல் கிடையாது. கோயில் சிற்பமும் மரபுக் கட்டடக் கலையும் என்றால் மாமல்லபுரத்தில் இருக்கும் கல்லூரி. சென்னை ஸ்டெல்லா மாரிஸ், புதுச்சேரி பாரதியார் பல்கலைக்கூடம் ஆகியவற்றையும் பாருங்கள். அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. செலவு வண்ணம், தூரிகை, கான்வாஸ், விடுதி என்று வரும். தனியார் வடிவமைப்புக் கல்லூரிகள் சில லட்சக்கணக்கில் கேட்கின்றன. கடன் வாங்கி அங்கே சேர்ப்பதற்குமுன், அங்கே படித்து முடித்த இரண்டு பேரைச் சந்தித்து அவர்களுடைய வேலைகளைப் பாருங்கள். வண்ணக் கையேட்டில் அச்சடித்திருப்பதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். என்.ஐ.டி. (தேசிய வடிவமைப்பு நிறுவனம்), ஐ.ஐ.டி. இளநிலை வடிவமைப்புத் தேர்வுகளுக்கு முந்தைய ஆண்டின் இறுதிக்குள்ளேயே விண்ணப்பித்திருக்க வேண்டும். இந்த ஆண்டு அது போய்விட்டது.

அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்க மதிப்பெண் மட்டும் போதாது, செய்முறைத் தேர்வு உண்டு. உங்கள் மகள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். எல்லாம் நடிகர்களின் புகைப்படத்தைப் பார்த்துப் பென்சிலில் வரைந்தவை. இமை முடி ஒவ்வொன்றும் துல்லியம். உறவினர்கள் கட்டாயம் பாராட்டியிருப்பார்கள். தேர்வாளர்கள் அதில் மயங்க மாட்டார்கள். முன்னால் வைத்திருக்கும் குடத்தையும் வாழைப்பழத்தையும் பார்த்து வரையச் சொல்வார்கள், அல்லது ஒரு மனிதரை உட்காரவைப்பார்கள். புகைப்படம் முகத்தை ஏற்கெனவே தட்டையாக்கிக் கொடுத்துவிட்டது. எதிரில் இருக்கும் பொருளைத் தாளுக்குக் கொண்டுவருவது வேறு வேலை. இன்றிலிருந்து தினமும் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர்கள், சமையலறைப் பாத்திரங்கள், வீட்டு வாசலில் கட்டியிருக்கும் ஆடு என்று நேரில் பார்த்து வரையட்டும். வேகமாக, அழிக்காமல். தேர்வுக்குள் ஒரு தடித்த நோட்டு நிரம்ப வேண்டும். அதைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கட்டும். பின்னால் அவளுடைய படைப்புத் தொகுப்பின் முதல் பக்கங்கள் அதிலிருந்து வரலாம்.

நீங்கள் கேட்ட விலையுயர்ந்த பேனா டேப்லெட்டை இப்போது வாங்க வேண்டாம். 2பி, 4பி, 6பி பென்சில்கள், கொஞ்சம் கரிக்கோல், ஒரு போஸ்டர் வண்ணப் பெட்டி, விலை குறைந்த தாள் ஒரு கட்டு. இந்த ஆண்டுக்கு இது போதும். கணினி வேண்டுமா, எந்த மாதிரி என்பதைச் சேர்ந்த பிரிவின் ஆசிரியரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். சிற்பத்தில் சேர்ந்தால் அந்தப் பணம் உளிக்குத் தேவைப்படும்.