பெயின்ட் வாங்கும் முன் கீலைப் பாருங்கள்

பழைய 20 அங்குல மடக்கு சைக்கிள் முழுக்கத் துரு, சீட் கம்பி இறுகிவிட்டது, கையில் 2000 ரூபாய்தான், எப்படிச் சரிசெய்வது என்று கேட்டிருந்தீர்கள். பெயின்ட் அப்புறம். முதலில் சைக்கிள் மடங்கும் இடத்தில் உள்ள நடுக் கீலின் வெல்டிங் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் ஓட்டவே வேண்டாம். கீல் நன்றாக இருந்தால் மீதி எல்லாம் சில்லறை வேலை.

சீட் கம்பியைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, மறுநாள் சீட்டைப் பிடித்து இடவலமாகத் திருப்புங்கள். குரோம் ரிம்மைக் கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால், பழுப்புக் குழம்பாகத் துரு வழியும். அடியில் பளபளப்பு தெரியும்போது அவ்வளவு சந்தோஷம்!

டயரில் மட்டும் கவனம். 20 அங்குலத்திலேயே 406, 451 என்று (டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், மில்லிமீட்டரில்) அளவுகள் உண்டு; ஒன்றுக்கானது மற்றதில் பொருந்தாது. பழைய டயரையே கடைக்கு எடுத்துப் போங்கள்.