சின்ன ஊரில் ஒரு நாட்டுப்புற இசை விழா நடத்த நினைக்கிறோம், எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

ஊர் இளைஞர்கள் பத்துப் பேர் சேர்ந்திருக்கிறீர்கள், கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, ஒரே நாளில் 12 குழுக்களைக் கூப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்த 12-ஐ நான்காகக் குறையுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எங்கள் ஊர் சேலம் மாவட்டத்தில் தாரமங்கலம் பக்கம், தறி ஓடுகிற ஊர். முதல் வருடம் நாங்களும் உங்களைப் போலத்தான் ஆசைப்பட்டோம். பறை, பம்பை, உறுமி, கரகம், கும்மி, தெருக்கூத்து என்று ஒன்பது குழு, குழுவுக்குப் பதினைந்து நிமிடம். நோட்டீஸில் பார்க்க நன்றாக இருந்தது. அன்று சாயங்காலம் பம்பைக்காரர்கள் மேடை ஏறினார்கள். பம்பை தெரியும்தானே, இரண்டு உருளைகளைச் சேர்த்துக் கட்டி இடுப்பில் மாட்டிக்கொண்டு அடிப்பது, ஒன்று மரம், ஒன்று உலோகம், ஒன்றின் சத்தத்துக்கு மற்றது பதில் சொல்வதுபோல இருக்கும். பக்கத்தில் உடுக்கை, கையில் சிலம்பு. அவர்கள் எடுத்த எடுப்பில் அம்மன் பாட்டுக்குப் போகமாட்டார்கள். பிள்ளையார், எல்லைச் சாமி, ஊர்ச் சாமி, குலசாமி என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அப்புறம்தான் வர்ணிப்பு. மாரியம்மாளின் தலையில் தொடங்கிப் பாதம் வரை வர்ணிக்க ஆரம்பித்து, குரல் மேலே ஏறி, அடி நெருங்கி, கூட்டத்தில் பேச்சு அடங்கிய அந்த நேரத்தில்தான் எங்கள் ஆள் ஒருவர் ஓடிப்போய் நேரம் முடிந்துவிட்டது என்று கைகாட்டினார். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, அப்படியே நிறுத்திக் கும்பிட்டுவிட்டு இறங்கினார்கள். எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

அன்றைக்கே கூத்து ஜமா, அதாவது கூத்துக் குழுவின் வாத்தியாரும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பதினஞ்சு நிமிஷம்னா நாங்க எதைங்க தம்பி ஆடறது? கட்டியங்காரன் வந்து சபைக்கு வணக்கம் சொல்லவே அது பத்தாதுங்களே" என்றார். கட்டியங்காரன் என்றால் கூத்தைத் தொடங்கி நடத்திக்கொண்டு போகிற கோமாளி. நியாயமான கேள்வி. முகத்தில் அரிதாரம் பூசி, கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி முடிக்கவே இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியற்காலை வரை போகிற கலை அது. ஒரு கர்ணமோட்சக் கூத்தில் கர்ணன் மனைவி பொன்னுருவி அழுகிற அழுகையைக் கால் மணி நேரத்தில் யாரும் அழுதுவிட முடியாது. அடுத்த வருடம் நான்கே குழு, பறைக்கும் கும்மிக்கும் ஒவ்வொரு மணி நேரம், பம்பைக்கு ஒன்றரை மணி நேரம், இரவு முழுக்கக் கூத்து என்று வைத்தோம். விழா அன்றைக்குத்தான் விழாவானது.

எந்த மாதம் என்பதையும் யோசியுங்கள். ஆடியில் வைத்தால் நல்ல கூட்டம் வரும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். ஆடியில் சேலத்தில் கோட்டை, குகை, அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை, அன்னதானப்பட்டி என்று எல்லா மாரியம்மனுக்கும் பண்டிகை, குகையில் சாமி வேஷம் போட்டவர்கள் அலங்கார வண்டிகளில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கை வேறு. நல்ல பம்பைக்காரர் ஒருவர்கூட அந்த மாதம் சும்மா இருக்கமாட்டார், இருக்கவும் கூடாது, அவர்கள் வருடச் சம்பாத்தியமே அதில்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை. பங்குனி வந்துவிட்டால் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரீட்சை. நாங்கள் பொங்கல் கழிந்து தையிலேயே வைத்துக்கொள்கிறோம். அதற்கும் மூன்று மாதம் முன்னாலேயே நேரில் அவர்கள் வீட்டுக்குப் போய், வெற்றிலை பாக்கு பழத்தோடு அச்சாரம் கொடுத்துவிட்டு வருகிறோம். போனில் பேசி முடிப்பதைவிட இதுதான் முறை. அப்படிப் போனால்தான் குழுவில் எத்தனை பேர், வயசானவர் யார், ராத்திரி எங்கே படுக்க வைப்பது என்றெல்லாம் தெரியும். குழுக்களைப் பற்றி விசாரிக்கச் சேலத்தில் கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையம் இருக்கிறது. கூத்து என்றால் மேட்டூர்ப் பக்கம் ஏர்வாடியில் மணல்வீடு இதழ் நடத்துகிறவர்களையும் கேளுங்கள், பல வருடமாகக் கூத்துக் கலைஞர்களுக்காகவே உழைக்கிறவர்கள்.

இப்போது சொல்லப்போவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பறை அடிப்பவர்களை வாசலில் நிறுத்தி, வருகிற பிரமுகருக்கு வரவேற்பு அடிக்க வைக்காதீர்கள். எத்தனையோ விழாக்களில் பார்த்துவிட்டேன், மூன்று மணிக்கு வரவேண்டியவர் ஐந்தரைக்கு வருவார், அதுவரை வெயிலில் நின்று கார் தெரியும்போதெல்லாம் அடித்து, மேடை ஏறும்போது கை ஓய்ந்து போயிருக்கும். சாவுக்கு அடி, சாமிக்கு அடி, ஆனால் உள்ளே வராதே என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டவர்கள் அவர்களில் பலர். பறை இசைக்காக மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள், எல்லோரும் மகிழ்ந்தோம். நம் ஊரில் அடிக்கிறவருக்கு நாற்காலி போட்டோமா, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோமா? எங்கள் நோட்டீஸில் இப்போது நன்கொடை கொடுத்தவர் பெயரைவிடக் கலைஞர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். ஒரு நன்கொடையாளர் கோபித்துக்கொண்டு பணத்தைத் திருப்பி வாங்கிவிட்டார். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டோம். மீதிச் சம்பளத்தையும் மேடை ஏறும் முன்பே கவரில் போட்டுக் கொடுத்துவிடுங்கள், விடியற்காலையில் பொருளாளரைத் தேடி அவர்களை அலையவிடக் கூடாது.

அப்புறம் நெருப்பு. மேடைக்குப் பக்கத்தில் வைக்கோலும் பழைய காகிதமும் வைத்து, தீ மூட்ட ஒரு இடம் ஒதுக்குங்கள். பறையின் தோல் காய்ந்து விறைப்பாக இருந்தால்தான் கனமான குச்சியான அடிகுச்சி பட்டதும் கணீரென்று கேட்கும், மெல்லிய குச்சியான சிண்டுகுச்சியின் சின்ன அடி தனியாகத் தெரியும். ஈரம் பட்டால் தோல் தொய்ந்து பொத் பொத்தென்று ஆகிவிடும். ஒரு மே மாதம் ஏற்காட்டில் ஒரு நிகழ்ச்சிக்கு எங்கள் ஊர்க் குழுவோடு போயிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் இறங்கினால் நாலு மணிக்கே மூடுபனி. சேர்வராயன் மலைப் பனிக்கு அந்தத் தோல் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. தீ மூட்டக் கூடாது என்று நடத்தியவர்கள் சொல்லிவிட்டார்கள். கடைசியில் டீக்கடை அக்கா ஒருவர் தன் விறகடுப்பைக் காட்டி, "இங்க வந்து காச்சிக்கோங்க கண்ணு" என்றார். இரண்டு பேர் மாறி மாறி அங்கே ஓட, மற்றவர்கள் மேடையில் அடித்தார்கள்.

மைக் செட் போடுகிறவரிடம் எக்கோ வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பறைக்கு மைக்கே தேவையில்லை. பாடுகிறவருக்கும் உடுக்கைக்கும் வேண்டும், உடுக்கையில் நடுக்கயிற்றை அழுத்தி அழுத்திக் கொண்டுவரும் அந்தக் குழைவு பின்வரிசைக்குக் கேட்காது.

பம்பை அடித்தால் கூட்டத்தில் யாருக்காவது அருள் வரும். கட்டாயம் வரும். எங்கள் விழாவில் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மாவுக்கு வந்தது, நம் பையன்கள் பயந்துபோய் ஆம்புலன்ஸுக்குப் போன் போடப் போனார்கள், வெளியூரிலிருந்து வந்தவர்கள் செல்போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். பம்பைக்காரர்தான் கையைக் காட்டி எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பாட்டை விடாமல் அடியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்து, திருநீறு போட்டுச் சாமியை மலையேற்றினார். மஞ்சள் தண்ணீர், வேப்பிலை, கற்பூரம் தயாராக வைத்திருங்கள். விவரம் தெரிந்த வயசான பெண்கள் இரண்டு பேரை முன்னால் உட்கார வையுங்கள். படம் எடுக்க விடாதீர்கள்.

இரவுக் கூத்துக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணிக்கு மேல் தடை, அது 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதி. இரண்டாம் வருடம் சரியாகப் பத்து மணிக்கு நாங்கள் மைக்கை அணைத்தோம். கூட்டம் கலைந்துவிடும் என்றுதான் நினைத்தேன். தூரத்தில் எங்கள் சேலத்துத் தின்பண்டமான தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டு நின்றவர்கள்கூடக் கிட்டே வந்தார்கள், நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். மிருதங்கத்துக்கு மேலே முகவீணை என்கிற அந்தச் சின்ன ஊதுகருவி அவ்வளவு தெளிவாகக் கேட்டது. விடிய நாலு மணிக்குத் தறி நிறுத்திவிட்டு வந்த ஆட்கள் இடமில்லாமல் திண்ணையில் ஏறி நின்று பார்த்தார்கள். அதிலிருந்து நாங்கள் கூத்துக்கு நாற்காலி வாடகைக்கு எடுப்பதில்லை, பாய்தான்.