தவழும் குழந்தை உள்ள வீட்டில் முதலில் எதைப் பத்திரப்படுத்த வேண்டும்?

எட்டு மாதக் குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டாள், சாக்கெட் மூடி, மேசை முனைக்கு ரப்பர், படிக்கட்டுக்கு கேட் எல்லாம் ஆர்டர் போட்டாயிற்று, இன்னும் என்ன வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கியதை எல்லாம் மாட்டிவிடுங்கள், நல்லதுதான். ஆனால் உங்கள் பட்டியலில் பூஜை அலமாரியும் இல்லை, பாத்ரூம் பக்கெட்டும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. திருச்சி உறையூரில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். பூஜைக்குத் தனி அறை கிடையாது, சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டுதான் சாமி இடம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றி முடித்ததும் என் மாமியார் சின்ன எவர்சில்வர் டப்பாவிலிருந்து பேரனுக்குக் கல்கண்டு எடுத்துக் கொடுப்பார். அதை ஒட்டியே கற்பூர டப்பா இருக்கும். இரண்டும் வெள்ளை. அந்தத் தட்டிலிருந்து வருவதெல்லாம் இனிக்கும் என்றுதான் அந்த வயதுக்குத் தெரியும்.

அன்றைக்கு அவன் முகத்தைச் சுளித்துத் துப்புவதைப் பார்த்துத்தான் ஓடினேன். வாய் முழுக்கக் கற்பூர நெடி. விரல் விட்டுத் துடைத்ததில் ஒரு துணுக்குதான் வந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் சாதாரணமாகத்தான் விளையாடினான். எதற்கும் டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று ஆட்டோவுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தபோதே கண் மேலே செருகிவிட்டது, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது.

அக்கம்பக்கம் முழுக்கக் கூடிவிட்டது. ஒருவர் உப்புத் தண்ணீர் கரைத்து எடுத்து வந்தார், இன்னொருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கப் பார்த்தார். கீழ்வீட்டு அக்கா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். "வாந்தி எடுக்க வைக்காதீங்க, வாயில எதையும் ஊத்தாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க" என்று அவர் போட்ட சத்தத்தில்தான் எல்லோரும் விலகினார்கள். கற்பூர டப்பாவையும் கையோடு எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் முதலில் கேட்டதும் அதைத்தான், எத்தனை வில்லை, டப்பா இருக்கிறதா என்று. ஊசியில் மருந்து ஏற்றி வலிப்பை நிறுத்தி, ராத்திரி முழுக்கப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார்கள். பிழைத்தான். இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

பூஜைக் கற்பூரம் வயிற்றுக்குள் போனால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம், ஒன்றரை மணி நேரம் கழித்தும் வரலாம். ஒரு கிராம் அளவே சின்னக் குழந்தையின் உயிரைப் பறித்திருக்கிறது என்று மருத்துவத்தில் பதிவாகியிருக்கிறது. வாந்தி எடுக்க வைத்தால், அந்த நேரம் பார்த்து வலிப்பு வந்து வாந்தி நுரையீரலுக்குள் போய்விடலாம். மண்ணெண்ணெய், பெயிண்ட் தின்னர் குடித்தாலும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. சளிக்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடு பண்ணி நெஞ்சில் தடவுகிறோமே, அது தோல் வழியாகவும் உள்ளே போகும். உங்கள் மகள் வயதுக்கு அதுவும் வேண்டாம்.

"நாங்களெல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம்" என்று கீழே ஒருவர் எழுதுவார் என்று தெரியும். வளர்ந்தவர்கள்தான் வந்து எழுதுகிறார்கள். சாமி கும்பிடுவதைக் குறை சொல்கிறேன் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டில் இன்றும் வெள்ளிக்கிழமை ஆரத்தி உண்டு, கற்பூரம் மட்டும் பரண் உயரத்தில் இருக்கிறது. என் மாமியாரையும் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவரைப் போல் என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர் வேறு யாரும் இல்லை.

அடுத்தது தண்ணீர். தவழ்கிற, தத்தி நடக்கிற வயதில் குழந்தைக்குத் தலைதான் கனம். பக்கெட்டைப் பிடித்து எட்டிப் பார்த்தால் தலைகுப்புற விழும், மறுபடி எழ வராது. அரை பக்கெட் கூட வேண்டாம், மூக்கும் வாயும் மூழ்குகிற அளவு போதும். அழுகைச் சத்தமும் கேட்காது. குளித்து முடித்ததும் பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள். காலையில் ஒரு வேளைதான் தண்ணீர் வருகிறது, பிடித்து வைக்காமல் முடியாது என்றால், மூடி இறுக்கமாகப் பூட்டிக்கொள்கிற டிரம் வாங்குங்கள். சம்ப் மூடியைக் காலால் தள்ளிப் பாருங்கள், நகர்ந்தால் இன்றைக்கே சரி செய்ய வேண்டும். பாத்ரூம் கதவுக்கு வெளிப்பக்கம், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் அவசியம்.

அந்தத் தாழ்ப்பாளுக்கு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கதவில் துளை போடக் கூடாது என்றார் வீட்டு ஓனர். கற்பூர விஷயம் நடந்து, குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அதே வாரம்! கணவர் துணிந்து தாழ்ப்பாளை அடித்தார். காலி செய்தபோது அந்த நான்கு ஸ்க்ரூ துளைக்காக, கதவையே மாற்ற வேண்டும் என்று சொல்லி அட்வான்ஸில் ஒரு பெரிய தொகையை ஓனர் பிடித்துக்கொண்டார். அடுத்த வீடு தேடும்போது போன இடமெல்லாம் "சின்னக் குழந்தை இருக்கா? சுவத்துல கிறுக்குமே" என்று கேட்டார்கள். வாடகை வாங்குகிறவர்களுக்கு, அந்த வீட்டுக்குள் ஒரு குழந்தை உயிரோடு வளர வேண்டும் என்பதில் கொஞ்சமாவது பொறுப்பு இருக்கக் கூடாதா? இது நீங்கள் கேட்ட கேள்வியில்லைதான், ஆனாலும் இன்னும் ஆறவில்லை.

நீங்கள் இருப்பது சொந்த வீடா வாடகையா என்று எழுதவில்லை. வாடகை என்றால் தாழ்ப்பாள் போடுவதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால், இரு பக்கமும் பசை உள்ள ஒட்டுப் பூட்டு கடைகளில் கிடைக்கிறது, அதைக் கதவின் மேல் பக்கமாக ஒட்டுங்கள். ரிமோட், பொம்மைகளில் இருக்கும் காசு மாதிரியான பேட்டரியின் மூடிக்கு ஸ்க்ரூ இருக்கிறதா என்றும் பாருங்கள். அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். விழுங்கியிருப்பாளோ என்று சந்தேகம் வந்தாலே போதும், காத்திருக்காமல் 108-க்கு அடியுங்கள், இல்லை கையில் கிடைத்த வண்டியில் எக்ஸ்ரே உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.