காதுக்கு ஒன்று, கைக்கு இரண்டு
ஆங்கிலம்: வாசகர் கேள்வி - பதில்

கே: ‘நைட்’ என்றால் இரவு, போர்வீரனும் ‘நைட்’தான். உச்சரிப்பு ஒன்றாக இருக்க, எழுத்துக்கூட்டல் மட்டும் ஏன் இரண்டு?

ப: ஒரு காலத்தில் உச்சரிப்பும் இரண்டுதான். போர்வீரன் ‘கே’யில் தொடங்குவான். 14-ஆம் நூற்றாண்டில் அந்த ‘க்’ காதில் விழுந்தது. இரண்டு சொற்களிலும் நடுவே நிற்கும் ஜி, எச் கூட உரசலாக ஒலித்தன. ஏறத்தாழ ‘க்னிஹ்ட்’, ‘னிஹ்ட்’. 1476-இல் கேக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கினார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் நிலைபெற்றது, நாக்கு நிற்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் ‘க்’ உதிர்ந்துபோனது. நம் மயங்கொலிச் சொற்களும் இப்படித்தான். பணி, பனி, மறம், மரம் என்று பலர் பேச்சில் கலந்துவிட்டாலும் எழுத்து பழைய வேறுபாட்டைக் காக்கிறது. ஆகவே ஊமை எழுத்துகளை வீண் சுமை என்று நினைக்காதீர்கள். படிக்கும்போது பொருளைப் பிரித்துக் காட்டுபவை அவைதான்.

கே: ‘இட்ஸ்’ எழுதும்போது மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) எப்போது போடுவது? கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடுவதில்லையே!

ப: சொல் அகராதியில் இருந்தால் சிவப்புக் கோடு வராது, இரண்டு ‘இட்ஸ்’களும் அகராதியில் உண்டு. எழுதியதை ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹாஸ்’ என்று விரித்துப் படியுங்கள். பொருள் நின்றால் மேற்குறி வேண்டும். ‘த டாக் வேக்ஸ் இட்ஸ் டெயில்’ என்பதை விரித்தால் ‘இட் இஸ் டெயில்’ என்று உளறலாகிறது. அங்கே குறி கூடாது. பெயர்ச்சொல்லுக்கு உடைமை காட்டக் குறி போட்டுப் பழகிய கை, இங்கேயும் தானாகப் போட்டுவிடுகிறது. ‘ஹிஸ்’ஸில் குறி இல்லை, ‘ஹெர்ஸ்’ஸில் இல்லை, ‘இட்ஸ்’ அந்த வரிசையைச் சேர்ந்தது.

கே: ‘ஸ்டேஷனரி’யில் ஏ வருமா, ஈ வருமா?

ப: எழுதுபொருள் என்றால் ஈ, ‘என்வலப்’பின் முதல் எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அசையாமல் நிற்பது என்றால் ஏ.

கே: ‘தொலைப்பது’, ‘தளர்வானது’ இரண்டும் ‘லூஸ்’தானே? ‘ஷிப்’, ‘ஷீப்’ போன்றவற்றையும் ஒலியொத்த சொற்கள் எனலாமா?

ப: கூடாது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இவை நம் காதுக்குத்தான் ஒன்றுபோல் கேட்கின்றன. ஆங்கிலத்தில் ஒலியே வேறு. தளர்வான ‘லூஸ்’ (இரட்டை ஓ) பாம்பின் சீறல்போல் ‘ஸ்’ என முடியும். தொலைப்பது (ஒற்றை ஓ) வண்டின் ரீங்காரம்போல் ‘இஸட்’ ஒலியில் முடியும். தொண்டையில் இரண்டு விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவதில் கடைசிவரை அதிர வேண்டும். ‘அட்வைஸ்’ஸும் அப்படியே. அறிவுரை என்ற பெயர்ச்சொல் சீறும், சொல்வது என்ற வினை அதிரும். அதிரும் ஒலிக்கு முன்னுள்ள உயிர் சற்றே நீளும். காதுக்கு அதுவும் ஓர் அடையாளம்.

‘ஷிப்’, ‘ஷீப்’ இரண்டையும் வெறும் குறில், நெடில் என்று கொண்டால் போதாது. ‘ஷீப்’புக்கு நாக்கு மேலேறி இறுகும், உதடு பக்கவாட்டில் விரியும். ‘ஷிப்’புக்கு இரண்டும் தளர்ந்து இருக்கும்; அதே நிலையில் எவ்வளவு நீட்டினாலும் அது ‘ஷீப்’ ஆகாது.

‘வெஸ்ட்’ என்ற ஒரே எழுத்தில் நாம் அடக்கும் மேற்குத் திசையும் உள்சட்டையும்கூட இந்த வகைதான். மேற்குக்கு உதட்டைக் குவியுங்கள், பல் படக்கூடாது. உள்சட்டைக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். கண்ணாடி முன் நின்று சொன்னால் எங்கே தவறுகிறது என்று கண்ணிலேயே தெரியும்.