கணைய வீக்கத்துக்கு வைட்டமின் டி குறைவுதான் காரணமா?

கேள்வி: நாங்கள் கம்பத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு வயது 46. குமுளிக்கு மேலே ஓர் ஏலக்காய் ஸ்டோரில் வேலை. குடிப்பழக்கம் இல்லை. போன மாதம் மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி வந்து, கோட்டயத்தில் ஐந்து நாள் சேர்த்திருந்தோம். கணையத்தில் திடீர் வீக்கம் என்றார்கள். ஸ்கேனில் பித்தப்பையில் சின்னச் சின்னக் கற்கள் தெரிந்தன, ஆபரேஷன் செய்யச் சொன்னார்கள். ரத்தத்தில் வைட்டமின் டி 9 தான் இருந்தது. டி குறைந்தால் கணையம் வீங்கும் என்று உறவினர் ஒருவர் செல்போனில் காட்டினார். டி-யை ஏற்றிவிட்டால் ஆபரேஷனே வேண்டாம் என்று வீட்டில் பேச்சு. வாரம் ஒன்று என்று எழுதிக்கொடுத்த 60,000 யூனிட் பொடியை, சீக்கிரம் ஏறட்டும் என்று பத்து நாளாகத் தினமும் ஒன்று குடிக்கிறார். சரிதானா டாக்டர்?

பதில்: பொடியை இன்றைக்கே நிறுத்துங்கள் அம்மா. மற்றதை அப்புறம் பேசுவோம்.

பத்துப் பாக்கெட் என்றால் 6 லட்சம் யூனிட். வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம் குடித்தாலே மொத்தம் 4.8 லட்சம்தான். இரண்டு மாத மருந்துக்கும் மேல் பத்தே நாளில் உள்ளே போயிருக்கிறது. பதற வேண்டாம், 6 லட்சம் யூனிட்டை ஒரே ஊசியாகப் போடும் வழக்கமே இருந்தது. ஆனால் இதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். இந்த வாரமே ரத்தத்தில் கால்சியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டுவது) இரண்டும் பாருங்கள். கால்சியம் பொதுவாக 8.5 முதல் 10.5 வரை இருக்கலாம். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல், ஒரு மாதிரி மந்தமாக இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் பரிசோதனையை நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், வைட்டமின் டி அளவுக்கு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். ஏறிய கால்சியமே கணையத்தை வீங்க வைக்கும். எதைத் தடுக்க நினைத்துக் குடிக்கிறாரோ, அதையே வரவழைத்துக்கொள்வதாக ஆகிவிடும். டி கொழுப்பில் தங்கும் சத்து, கூடிப்போனால் இறங்க மாதக்கணக்கில் ஆகும்.

சரி, அந்த 9-க்கு வருவோம். 20-க்குக் கீழே என்றாலே குறைவுதான். விடியுமுன் ஜீப்பில் ஏறி, நாள் முழுக்க ஸ்டோருக்குள் காய் உலர்த்தி, இருட்டிய பிறகு மலை இறங்குகிறவர் உடம்பில் வெயில் எப்போது படும்? வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இருந்தும் இந்தக் குறைவு வருவதில் எனக்கு ஆச்சரியமில்லை.

கணைய வீக்கத்தோடு வருகிறவர்களில் பலருக்கு டி குறைந்திருப்பது உண்மை. நோய் கடுமையானவர்களிடம் இன்னும் குறைவாக இருந்ததாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு. உங்கள் உறவினர் காட்டியது அதுவாக இருக்கலாம். ஆனால் உடம்பில் பெரிய அழற்சி வந்தால், டி-யைச் சுமந்து செல்லும் புரதம் ரத்தத்தில் குறைகிறது, அதனால் அளவும் கீழே இறங்கிக் காட்டும். டி குறைந்ததால் கணையம் வீங்கியதா, கணையம் வீங்கியதால் டி குறைந்து தெரிந்ததா என்று அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. டி கொடுத்தால் இந்த நோய் திரும்ப வராது என்று நிரூபணமும் இல்லை.

உங்கள் வீட்டுக்காரருக்குக் காரணம் கண்ணுக்கு எதிரிலேயே இருக்கிறது: அந்தக் கற்கள். சின்னக் கல்தானே என்று விடாதீர்கள், சின்னதுதான் குழாய்க்குள் நழுவும். பித்தக்குழாயும் கணையக்குழாயும் குடலுக்குள் திறக்கும் இடத்தில் அது சிக்கிக்கொண்டால், உணவைச் செரிக்க வேண்டிய நொதிகள் கணையத்துக்குள்ளேயே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. தாங்க முடியாத அந்த வலி இதனால்தான். டி-யை எவ்வளவு ஏற்றினாலும் கல் கரையாது.

லேசான தாக்குதலாக இருந்தால், வீட்டுக்கு அனுப்பும் முன்பே பித்தப்பையை எடுத்துவிடுவதுதான் இப்போதைய நடைமுறை. 2015-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், உடனே எடுத்தவர்களில் 5 சதவீதம் பேருக்கும், ஒரு மாதம் போல் தள்ளிப்போட்டவர்களில் 17 சதவீதம் பேருக்கும் ஆறு மாதத்துக்குள் கல்லால் மறுபடி தொல்லை வந்தது. நீங்கள் ஏற்கனவே அந்த ஒரு மாதத்தைத் தொட்டுவிட்டீர்கள். திரும்ப வரும் தாக்குதல் முதல் முறை போல லேசாக இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது; உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். லேப்ராஸ்கோப்பில் நாலு சிறிய துளைதான், பெரும்பாலானவர்கள் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுவார்கள். கோட்டயம் தூரம் என்றால் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவைப் பிரிவைப் பாருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் கையோடு போகட்டும். ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பைப் பார்த்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். 1,000-ஐத் தாண்டினால் அதுவும் கணையத்தைத் தாக்கும்.

அதுவரை குமுளிக் கடைகளில் பொரோட்டாவும் பீஃப் வறுவலும், நேந்திரங்காய் சிப்ஸும் வேண்டாம். இட்லி, கஞ்சி, எண்ணெய் குறைந்த குழம்பு போதும். டி-யை மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்து, தேவைப்பட்டால் மருத்துவர் சொல்லும் அளவில் தொடரலாம். விடுமுறை நாளில் கை கால் தெரிய அரை மணி நேரம் வெயிலில் இருக்கட்டும்.

மறுபடி வலி வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, கண் மஞ்சளானாலோ, நடு ராத்திரியாக இருந்தாலும் வண்டி பிடித்து மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.