ரத்தம் கட்டியது மூளையில் அல்ல

ஐயா, வணக்கம்.

சென்ற மாதம் என் தம்பி (வயது 23) மோட்டார் சைக்கிளில் வரும்போது மாடு குறுக்கே வந்து விழுந்துவிட்டான். ஹெல்மெட் போடவில்லை. இடப்பக்கப் பொட்டில் அடி. சிறிது நேரம் மயங்கிக் கிடந்தவன் தானே எழுந்தான். யாரோ கொடுத்த சோடாவைக் குடித்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டான், எல்லோரிடமும் பேசினான். இரவில் தலை வலிக்கிறது என்றான், வாந்தி எடுத்தான், அதன்பின் எழுப்பினால் எழவில்லை. மதுரைக்குக் கொண்டுபோனபோது வலது கை துவண்டிருந்தது. இடது கண்ணின் பாவை விரிந்திருந்தது. உடனே அறுவை சிகிச்சை செய்தார்கள். இப்போது நலமாக இருக்கிறான். “மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, வெளியில்தான் ரத்தக்கட்டு” என்றார் டாக்டர். மூளைக்கு ஒன்றும் ஆகாதவன் ஏன் சாகக் கிடந்தான்? இடது பக்கம் அடிபட்டால் வலது கை ஏன் துவள வேண்டும்? தூங்க விட்டதுதான் தப்பு என்று உறவினர்கள் அம்மாவைக் குற்றம் சொல்கிறார்கள். அறுத்தெடுத்த எலும்பைத் திரும்ப வைத்திருக்கிறார்களாம், அது ஒட்டுமா?

ஒரு வாசகர், தேனி மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

தம்பி பிழைத்தது மகிழ்ச்சி. முதலில் அம்மாவைப் பற்றி. தூக்கம் யாருடைய மூளையிலும் ரத்தத்தைக் கட்ட வைக்காது. தூங்குகிறவனுக்கும் நினைவிழந்து கிடப்பவனுக்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது என்பதுதான் சிக்கல். அதனால்தான் தலையில் அடிபட்டவரை இடையிடையே எழுப்பிப் பேச வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். உண்மையில் அன்று தவறிப்போனது தூக்கத்துக்கு முன்பே. மயங்கி விழுந்து எழுந்தவனுக்குச் சோடா கொடுத்து அனுப்பிவைத்த கூட்டத்தில் ஒருவராவது அவனை மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும். அம்மாவைக் குற்றம் சொல்லும் உறவினர்களிடம் இதைக் காட்டுங்கள்.

டாக்டர் சொன்னது சரிதான். தலையில் 22 எலும்புகள். அவற்றில் 14 முகத்துக்கு உரியவை, மீதி 8 மூளையைச் சுற்றி இருப்பவை. இந்த எட்டும் எல்லா இடத்திலும் ஒரே கனமாக இல்லை. பின்மண்டை தடித்திருக்கும், பொட்டுப் பகுதி மெலிந்திருக்கும். காய்ந்த மண்டையோட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பொட்டெலும்பில் ஒளி கசியும். அந்த மெல்லிய எலும்பின் உட்புறத்தை ஒட்டியே ஒரு தமனி ஓடுகிறது. தாடைப் பகுதித் தமனி ஒன்றிலிருந்து பிரிந்து, மண்டையோட்டின் அடித்தளத்தில் உள்ள சிறு துளை வழியாக உள்ளே நுழைந்து, மேல்நோக்கிக் கிளைவிடுவது. எலும்பில் அதன் தடம் பள்ளமாகவே பதிந்திருக்கும். இந்தத் தமனி மூளைக்கு ஒரு சொட்டு ரத்தம்கூடத் தருவதில்லை. எலும்புக்கும், எலும்பை ஒட்டியுள்ள டியூரா என்ற தடித்த உறைக்கும்தான் அது உணவூட்டுகிறது. எலும்பு விரிசல் விட்டபோது உங்கள் தம்பிக்குக் கிழிந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

தமனியில் ரத்தம் அழுத்தத்தோடு வருகிறது. அது டியூராவை எலும்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டு சேர்கிறது. எலும்புகள் இணையும் தையல் கோடுகளில் டியூரா இறுகப் பிடித்திருப்பதால் அதைத் தாண்டிப் பக்கவாட்டில் பரவ முடியாமல் உள்நோக்கிப் புடைக்கிறது. சி.டி. ஸ்கேன் படத்தில் வெள்ளையாக, குவி லென்ஸ் வடிவில் தெரிந்திருக்குமே, அதுதான். மூளைத் திசுவுக்கு வலி உணர்ச்சி கிடையாது, டியூராவுக்கு உண்டு. தம்பி தலைவலி என்று சொன்னதில் அந்த உறை உரிபடும் வலியும் அடக்கம். (வயதானவர்களுக்கு டியூரா எலும்போடு ஒட்டிப்போயிருப்பதால் இவ்வகை ரத்தக்கட்டு அரிது. அவர்களுக்கு டியூராவுக்கு உள்ளே, சிரைகளிலிருந்து கசிந்து, சில வாரங்கள் கழித்துத் தொல்லை கொடுப்பதுதான் அதிகம்.)

இதில் மூளைக்கு என்ன வந்தது? உயிருள்ள மூளை இளநீர் வழுக்கை போல அவ்வளவு மென்மையானது. மருத்துவ மாணவர்கள் கையில் எடுத்துப் பார்க்கும் மூளை ஃபார்மலினில் ஊறிக் கெட்டிப்பட்டது. அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கே இந்த மென்மை எளிதில் பிடிபடுவதில்லை. சுமார் 1,400 கிராம் எடையுள்ள இந்த உறுப்பு, மூளைத் தண்டுவட நீரில் மிதப்பதால் சுமார் 50 கிராம் எடையோடுதான் அடித்தளத்தில் அழுந்துகிறது. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை இருக்கிறது. மண்டையோடு என்ற பெட்டி விரியாது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவைச் சேர்ந்த மருத்துவர் அலெக்சாண்டர் மன்றோ 1783இலும், அவரைத் தொடர்ந்து ஜார்ஜ் கெல்லி 1824இலும் சொன்னது இதைத்தான். மூளை, ரத்தம், நீர் மூன்றும் நிறைந்த மண்டையோட்டுக்குள் நான்காவதாக ஒன்று வந்தால், இருப்பதில் ஏதாவது வெளியேறியாக வேண்டும்.

முதலில் நீர் தண்டுவடத்தின் பக்கம் ஒதுங்குகிறது, சிரைகளில் உள்ள ரத்தமும் வடிகிறது. உங்கள் தம்பி சாப்பிட்டதும் பேசியதும் இந்த ஒதுக்கீடு நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான். இந்தத் தெளிவான இடைவேளை எல்லோருக்கும் வருவதில்லை, வந்தவர்களைத்தான் அது ஏமாற்றுகிறது. நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கனடாவின் கியூபெக்கில் பனிச்சறுக்குப் பயிற்சியின்போது விழுந்தார். எழுந்து, பேசி, சிரித்து, மருத்துவ உதவி வேண்டாம் என்றார். சில மணி நேரத்தில் நிலைமை மோசமானது, இரண்டு நாளில் இறந்தார். வயது 45. காரணம் இதே ரத்தக்கட்டு.

ஒதுங்க வேண்டியதெல்லாம் ஒதுங்கிய பிறகு கொஞ்சம் ரத்தம் கூடினாலும் அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். இப்படித் தேங்கிய ரத்தம் 30 மில்லிலிட்டரைத் தாண்டினாலே, நோயாளி நினைவோடு இருந்தாலும், அறுவை சிகிச்சை வேண்டும் என்பது மருத்துவர்களின் வழிகாட்டுதல். பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவே டியூராவின் மடிப்பு ஒன்று கூரை போல நிற்கிறது. அதன் நடுவில் ஓர் இடைவெளி, அதன் வழியாக இறங்குவது மூளைத்தண்டு. பொட்டுப் பக்கத்து மூளையின் உள்விளிம்பு அந்த இடைவெளியில் பிதுங்கும்போது முதலில் நசுங்குவது, கண்ணை அசைக்கும் மூன்றாவது மூளை நரம்பு. பாவையைச் சுருக்கும் இழைகள் அந்த நரம்பின் வெளிப்புறத்திலேயே ஓடுவதால் அவைதான் முதலில் செயலிழக்கின்றன, பாவை விரிந்து நிற்கிறது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தது இதற்காகத்தான்.

பாவை அடிபட்ட பக்கமே விரிந்தது, கை மட்டும் எதிர்ப்பக்கம் துவண்டது ஏன் என்று குழம்பியிருப்பீர்கள். கையை அசைக்கும் கட்டளை பெருமூளையின் மேற்பரப்பிலிருந்து இறங்கி, மூளைத்தண்டின் அடியில் உள்ள முகுளத்தின் கீழ்ப்பகுதியில் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்துக்கு மாறிவிடும். தம்பிக்கு அழுந்தியது அந்த மாற்றத்துக்கு மேலே, இடப்பக்கத்தில். எனவே துவண்டது வலது கை. கண்ணுக்குப் போகும் மூன்றாவது நரம்போ தன் பக்கத்துப் பாவைக்கே போகிறது. லண்டனின் விம்பிள்டனில் 1971 அக்டோபரில் முதல் நோயாளியின் தலை சி.டி. ஸ்கேனில் படமாகும்வரை, அறுவை மருத்துவர்கள் இந்த அறிகுறிகளைப் பெரிதும் நம்பித்தான் எந்தப் பக்கம் துளையிடுவது என்று முடிவு செய்தார்கள். விரிந்த பாவை இருக்கும் பக்கத்துப் பொட்டில் முதல் துளை. அழுத்தம் மூளைத்தண்டு வரை இறங்கினால் மூச்சு நின்றுவிடும். உங்கள் தம்பி அதற்கு முன்பே மேசைக்கு வந்துவிட்டார்.

எலும்பு ஒட்டும். மூளையே வீங்கியிருந்தால் அந்தத் துண்டை உடனே வைக்க மாட்டார்கள், வயிற்றுத் தோலுக்கு அடியிலோ உறைகுளிரிலோ பாதுகாத்துப் பிறகு பொருத்துவார்கள். தம்பிக்கு அந்த அவசியம் இருக்கவில்லை என்று தெரிகிறது. சிறிய தகடும் திருகும் வைத்துப் பிணைத்திருப்பார்கள், பொதுவாக டைட்டானியத்தில். ஓரங்கள் சேர மாதக்கணக்கில் ஆகும். துளையிட்ட இடங்களில் தொட்டால் தெரிகிற சிறு பள்ளங்கள் தங்கிவிடலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. இருந்தாலும் பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் தலையில் தகடு இருப்பதை முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.